மல்லாத்திய கல்

பணி ஓய்வுக்குப் பிறகு, கடல் உள்வாங்கும் காலைகளில் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்துக் கோவளத்துப் பாறைக் குட்டைகளைப் பார்க்கப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. போன மாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, குட்டையோரத்தில் ஒரு கல்லைப் புரட்டினேன். அடிப்பக்கத்தில் வெள்ளை ரிப்பனைச் சுருட்டி ஒட்டியதுபோல ஒன்று இருந்தது. ஓடில்லாத கடல் நத்தையின் முட்டை நாடா. படித்திருக்கிறேன், பார்த்தது அன்றுதான்.

இந்த நத்தைகளில் ஆண், பெண் என்று தனியாக இல்லை. இரண்டு கூடினால் இரண்டுமே முட்டையிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முட்டைகளுக்குள் கருக்கள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. வளர்ந்த நத்தைக்கு இல்லாத ஓடு, கருவில் மட்டும் குட்டியாக முளைக்கும். அதோடு வெளியே வந்து நீந்தித் திரிந்து, பிறகு கழற்றிப் போட்டுவிடும். அவை வெளியேறும் நாளைக் கண்ணால் கண்டு தேதி குறித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

வெள்ளிக்கிழமை மனைவியையும் கூட்டிப்போனேன். நாடா வெயிலில் காய்ந்து, பழைய பசைபோல உரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் இளம் தம்பதி வேறொரு கல்லைப் புரட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கல்லை இப்படிப் புரட்டிப் போட்டா முட்டை வெயில்ல வெந்துடும்னு தெரியாது? படிச்சவங்கதானே நீங்க?” என்று கத்தினேன்.

“இன்னா சாரு, நத்தைக்கா இவ்ளோ பேஜாரு?” என்று படகோரம் வலையை உதறிக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

“நாங்க பாத்துட்டு அப்படியே திருப்பி வெச்சுடுவோம், அங்கிள்” என்றாள் அந்தப் பெண்.

“அப்ப இது யாரு வேலை?”

என் மனைவி குறுக்கே வந்தாள். “ஏங்க, இது நம்ம கல்லுதானே? அடையாளம் தெரியணும்னு மல்லாத்தி வெச்சிருக்கேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஆமாம். ஒரே மாதிரிக் கறுத்துக் கிடக்கும் அத்தனை கற்களுக்கு நடுவில் அடிப்பக்கம் மேலே தெரிந்தால் தேடாமல் கண்டுபிடிக்கலாம் என்று செவ்வாயன்று அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தேன். என் சாமர்த்தியத்தை வீட்டில் பெருமையாக வேறு சொல்லியிருந்தேன்.

வலைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்தப் பெண் கல்லருகே குந்தி உட்கார்ந்து, சின்ன லென்ஸ் மாட்டிய போனை நாடாவின் ஓரத்தில் நீட்டினாள். அங்கே ஒரு விரலகலம் மட்டும் தண்ணீரில் நனைந்திருந்தது.

“அங்கிள், இங்க கொஞ்சம் இன்னும் சுத்துது. பாருங்க.”

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்தேன். சுழன்றுகொண்டுதான் இருந்தன.

அவள் கணவனும் நானும் கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.

“மெதுவா, அங்கிள். நசுங்கிடப் போகுது” என்றாள். மெதுவாகக் கவிழ்த்தோம். இப்போது அது மற்றக் கற்களைப் போலவே இருந்தது. அடையாளம் எதுவும் வைக்கவில்லை.