இரண்டு உறையிலும் ஒரே கன்னம்

திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேஜையில் நின்றே பாதி வயதைக் கழித்தவள் சித்ராதேவி. துணியில் ஓட்டை தேடும் கண் மனுசர் பேச்சிலும் தேடும். பால்காரர் "இப்பக் கறந்ததுங்க" என்றால், "எந்த மாடுங்க?" என்பாள்.

யாழினி வயிற்றில் இருந்தபோது அவளுக்கு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு விழுந்தது. எந்தக் களிம்புக்கும் போகவில்லை. அவள் அதை மறந்துவிட்டாள், மகளால் முடியவில்லை. கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து யாழினிக்குக் கண்ணாடியே கதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோல் கிளினிக்கிலிருந்து இரண்டு உறைகளோடு வந்தாள்.

"பஞ்சுக்குச்சியைக் கன்னத்துக்குள்ள தேச்சுக் குடுத்தாப் போதும்மா. எனக்கு மங்கு வருமான்னு ஜீனைப் பாத்துச் சொல்லிருவாங்க. ஒப்பிட்டுப் பாக்க உங்களுதும் வேணுமாம்."

"வராத ஒண்ணுக்கு இப்பவே எதுக்குக் கண்ணு? பயம் காட்டிக் க்ரீம் விக்கத்தான்."

"உங்களுக்கு எல்லாமே சந்தேகந்தான்."

மகள் தன் குச்சியைத் தேய்த்து உறையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். உபரியாக ஒரு குச்சி கிடந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு பதில் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று சித்ராதேவிக்குப் பட்டது. மகளின் குச்சியைக் குப்பையில் போட்டாள். இரண்டு உறையிலும் தன் கன்னத்தையே வைத்து அனுப்பினாள்.

கொஞ்ச நாளில் கிளினிக்கிலிருந்து இருவரையும் நேரில் வரச்சொன்னார்கள்.

"ரெண்டும் ஒரே ஆளோடதுங்க. யாரோடது?" என்றார் டாக்டர்.

யாழினி அம்மாவைப் பார்த்தாள். சித்ராதேவிக்கு முகம் செத்துப்போனது.

"ரெண்டும் என்னுதுதானுங்க. என்ன வந்திருக்குது?"

"மங்கு வர்ற வாய்ப்பு குறைவுன்னு."

சித்ராதேவி தன் கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். "அப்ப இது என்னதுங்க?"

"ஜீன் வாய்ப்பைத்தான் சொல்லும். வெயில், பேறுகாலம், மாத்திரை எல்லாம் சேந்துதான் வருதுங்க."

"அதிகம்னு வந்தவங்களுக்கு வராமயும் போகலாமா?"

"போகலாமுங்க."

தான் நினைத்தது பாதி சரி என்று சொல்லிக்கொண்டே அவள் வெளியே வந்தாள். யாழினி வண்டியை எடுக்காமல் நின்றாள்.

"அவங்களைச் சோதிக்க என்னோட குச்சிதான் கெடைச்சுதா? நான் எதுக்குப் பயப்படறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"சொல்லு சாமி."

"பொண்ணு பாக்க வந்தவங்க உங்க மூஞ்சியைப் பாத்துட்டு என்ற மூஞ்சியைப் பாத்தாங்கம்மா. கடைசியா வந்துட்டுப் போனாங்கல்ல, அந்த மாப்பிள்ளையோட அம்மாதான் இந்த டெஸ்ட்டை எடுக்கச் சொன்னாங்க. ரிசல்ட்டை அனுப்போணுமாம்."

அந்த அம்மாள் அன்று தன் கையைப் பிடித்துச் சிரித்துப் பேசியது சித்ராதேவிக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை.

வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. அங்கேயே தரகருக்குப் போன் போட்டாள்.

"அந்த எடம் வேண்டாமுங்க. காரணமா? அவங்களையே கேட்டுக்குங்க."

யாழினிக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் வண்டியைக் கிளப்பி, அம்மா ஏறி உட்காரும்வரை காத்திருந்தாள்.