அப்பாவைத் தூக்கிய ஆள்

மோட்டார் சைக்கிள் இடித்த நாளைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. மூக்குக் கண்ணாடி மாற்றப் போனது தெரியும், கடையில் கூட்டம் இருந்தது தெரியும். அதற்குப் பிறகு தெரிவது ஆஸ்பத்திரி வாட்டின் கூரை. நடுவில் இரண்டு மணித்தியாலம் காணாமல் போயிருந்தது. இடித்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார், வழக்கு முடிந்தது. அப்பாவின் தலைக்காயமும் விலா எலும்பும் ஆறின. விஷயம் அத்தோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

அப்பாவுக்குத் தீரவில்லை. வீதியில் கிடந்தவரை யாரோ தூக்கி, தன் வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார். இன்னும் அரை மணித்தியாலம் கிடந்திருந்தால் ஆள் தப்பியிருக்கமாட்டார் என்று டொக்டர் சொன்னார். டொக்டர் அதை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். அப்பாவும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான்.

"அந்த ஆளு யாரும்மா?"

"யாரா இருந்தா என்னப்பா? நல்லா இருக்கட்டும்னு சாமிகிட்ட வேண்டிக்குங்க."

"சாமிக்கு அட்ரஸ் தேவையில்ல. எனக்கு வேணும். நேர்ல போயி நன்றி சொல்லணும்."

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா நாற்பது வருஷம் சமைத்துப் போட்டாள். அவள் போன பிறகு பத்து வருஷமாக நான் போடுகிறேன். சாப்பாட்டைப் பற்றி அப்பா சொல்லும் மிக நல்ல வார்த்தை, 'உப்பு சரி' என்பது. அப்படிப்பட்டவர் முகம் தெரியாத ஒருவருக்கு நன்றி சொல்ல ஊர் ஊராகப் போகத் தயாராக இருந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அப்பா அரசாங்க அதிபரின் கச்சேரியில் முப்பது வருஷம் கோப்பு அறையைப் பார்த்துக்கொண்டவர். நடந்த காரியம் எதுவும் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கும் என்பது அவருடைய மதம். ஆகவே அந்த ஆளின் பெயர் பொலிஸ் புத்தகத்தில் இருந்தே தீரும் என்றார். நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போகிறேன் என்றார். தனியாகப் போனதன் விளைவைத்தான் பார்த்தோமே என்றேன்.

பொலிஸில் நடந்த பேச்சு முழுவதும் சிங்களத்தில். அப்பாவின் சிங்களம் அரசாங்கக் கடிதத்தில் வரும் சிங்களம். 'மேற்படி விபத்து தொடர்பில்' என்று அவர் ஆரம்பித்ததும், மேசையில் இருந்த உத்தியோகத்தர் நிமிர்ந்து உட்கார்ந்து, இவர் யாரோ பெரிய ஆள் என்று நினைத்துக் கதிரை போட்டார். பிறகு விபத்து நடந்த திகதி, நேரம், வாகன இலக்கம் மூன்றையும் கேட்டார். திகதி இருந்தது. வாகன இலக்கம், இடிபட்டவருக்கு எப்படித் தெரியும்? அது பொலிஸ் பதிவில் இருக்கும், பதிவைப் பார்க்கத்தான் வந்தோம் என்றேன். இலக்கம் இருந்தால்தான் பதிவைத் தேடலாம் என்றார்.

நல்ல மனிதர். அவரே வழியும் சொன்னார். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களை ஆஸ்பத்திரியில் இருக்கும் பொலிஸ் காவலரணிலும் ஒரு புத்தகத்தில் எழுதுவார்களாம். வாட்டில் தந்த துண்டுச்சீட்டைக் காட்டினால் அங்கே இலக்கம் கிடைக்கும் என்றார். போனோம், கிடைத்தது. இன்னொரு அரை நாள் லீவு.

மூன்றாம் தடவை அப்பா கடிதத்தோடு போனார். பொறுப்பதிகாரிக்கு முகவரி இட்டு, விபத்துப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும் என்று கேட்டு, அடையாள அட்டைப் பிரதியும் இணைத்து, மூன்று நாள் திருத்தி எழுதிய கடிதம். உத்தியோகத்தர் வாசித்துக்கொண்டே வந்தார், 'நோக்கம்' என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"இன்சூரன்ஸுக்கா, கோட்டு வழக்குக்கா?"

"இரண்டுக்கும் இல்லை. நன்றி சொல்ல."

மறுபடி வாசித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார், அவரும் வாசித்தார். "ஏன், அந்த ஆள் ஏதாவது எடுத்துக்கொண்டு போய்விட்டாரா?" என்று அவர் மெதுவாக என்னிடம் கேட்டார். எடுத்துக்கொண்டு போனது அப்பாவைத்தான், அதையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டார் என்றேன். விஷயம் அவர்களுக்கு இன்னும் மோசமாகத் தெரிந்தது. ஒரு சாட்சியின் விவரத்தைக் கேட்டு ஒருவர் வந்தால் மிரட்டத்தான் கேட்பார், பணம் கொடுத்து வாயை மூடத்தான் கேட்பார். நன்றிக்காகக் கேட்டவர்கள் யாரும் இதற்கு முன் வரவில்லைப் போலும்.

கடைசியில் பொறுப்பதிகாரியே வெளியே வந்தார். அப்பாவுடைய விபத்து என்பதால் பதிவின் பிரதியைக் கொடுக்கலாம், ஆனால் இந்த நோக்கத்தை எழுத அவர்களிடம் இடம் இல்லை, 'இன்சூரன்ஸ்' என்று மாற்றி எழுதுங்கள் என்றார். பொய் எழுதமாட்டேன் என்று அப்பா சொன்னார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் வாசலில் வைத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒரு சொல்லுக்காக நான் இன்னும் எத்தனை அரை நாள் லீவு எடுப்பது? தலையில் அடிபட்டவரோடு மல்லுக்கட்டுகிறேன் என்று கூட நினைக்கவில்லை. அப்பா சுவரில் இருந்த அறிவித்தல்களை வாசித்துக்கொண்டு நின்றார்.

'சொந்தத் தேவைக்கு' என்று எழுதலாமே என்று அந்த முதல் உத்தியோகத்தர்தான் யோசனை சொன்னார். நன்றி சொல்வது சொந்தத் தேவைதானா என்று அப்பா நின்று யோசித்தார். தேவைதான் என்று முடிவுக்கு வந்து, மாற்றி எழுதிக் கையெழுத்து வைத்தார். சொன்ன கட்டணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டோம். இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார்கள். போனபோது பிரதி உண்மையாகவே தயாராக இருந்தது. அதற்குள் ஏசுவதற்கு நான் நாலு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன், வீணாகிவிட்டது.

எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அப்பா வீட்டு மேசையில் பிரதியை விரித்துச் சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னார். அவருடைய வாக்குமூலமும் அதில் இருந்தது. வாட்டில் அரை மயக்கத்தில் எடுத்தது, 'எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை' என்பதுதான் அதன் சாரம். அதில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளை அப்பா பென்சிலால் திருத்தினார். அதன் கீழே, கொண்டுவந்து சேர்த்தவர் என்று ஒரு பெயர், தொழில் வியாபாரம், ஊர் மடவளை. வீட்டு இலக்கம் இல்லை, வீதி இல்லை.

ஏன் இல்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அடிபட்டவரைத் தூக்குவது, வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொள்கிற வேலை. தூக்கியவர் சாட்சி ஆகிவிடுவார். சாட்சி ஆனால் கோட்டுக்குப் போகவேண்டும், வழக்கு தள்ளிப்போகும், மறுபடி போகவேண்டும். அன்றன்றைக்குச் சந்தையில் விற்றுச் சாப்பிடுகிறவர் எத்தனை நாள் கோட்டு வாசலில் நிற்பார்? ஆகவே பார்த்தும் பார்க்காதது போலப் போகிறார்கள். தூக்குகிறவர்கள் வீட்டு இலக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ திராட்சையும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு மடவளைக்கு பஸ் ஏறினோம். பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடையில் பெயரைச் சொன்னோம். "அந்தப் பேர்ல இந்த ஊர்ல நாலு பேர் ஈக்கி, எவர்?" என்றார் கடைக்காரர். வேன் வைத்திருப்பவர் என்றேன். "அப்ப ரெண்டு பேர்." முதலாமவர் விபத்து நடந்த காலத்தில் சவூதியில் இருந்திருக்கிறார். அதை நிரூபிக்க அவர் பாஸ்போட்டைக் கொண்டுவந்து காட்டினார். நாங்கள் கேட்கவே இல்லை.

இரண்டாமவர் பிளாஸ்டிக் சாமான் விற்பவர், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். முற்றத்தில் நின்ற வேனில் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அவர் கை நின்றது. அப்பா வணக்கம் சொல்லி, விபத்து ஒன்று நடந்தது, பொலிஸ் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறது என்று ஆரம்பித்தார். பொலிஸ் என்ற சொல்லை அவர் கடைசியில் வைத்திருக்கலாம்.

"நான் இல்ல ஐயா. வேற ஆளா ஈக்கும். நான் ஒருத்தரயும் ஏத்தல்ல."

"வழக்கு முடிஞ்சிருச்சி தம்பி. ஒரு கோடும் இல்ல, கச்சேரியும் இல்ல."

"அது சரி. ஆனா நான் இல்ல."

உள்ளே திரைக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல், "அந்த ஐயாட தலக்காயம் இப்ப சொகமான்டு கேளுங்களே" என்றது. அப்பா தலைக்காயத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேன்காரர் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார், குரல் அடங்கிவிட்டது. பிறகு எங்களை உள்ளே வரச்சொல்லிக் கதிரை போட்டார். யாரையும் ஏற்றாத மனிதரின் வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணி வந்தது.

அப்பா வற்புறுத்துவார், பிரதியை எடுத்து விரிப்பார், பெயரைக் காட்டுவார் என்று நான் பயந்தேன். அப்பா அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"சரி தம்பி, நீங்க இல்ல. ஆனா அந்த ஆளு இந்த ஊருதான். எங்கயாச்சும் கண்டா சொல்லுங்க. நான் உசுரோட இருக்கேன், நடக்கிறேன், மக கையால சோறு திங்கிறேன். அவரு தூக்கலன்னா இது ஒண்ணும் இல்ல. நான் வந்து கும்பிட்டுட்டுப் போனேன்னு சொல்லுங்க." சொல்லிவிட்டு எழுந்து நின்று, கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "செல்றன் ஐயா" என்றார்.

அத்தோடு வந்திருக்கலாம். எனக்கு மனம் ஆறவில்லை. என்னிடமும் ஒரு கேள்வி பல மாதமாகக் கிடந்தது.

"அப்ப அவருகிட்ட இதையும் கேளுங்க. அப்பாட போன் சட்டப் பையிலதான் இருந்திச்சி, உடையல்ல. ஏன் எனக்கு ஒரு கோல் எடுக்கல? ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது வரைக்கும் ஒண்ணுந் தெரியாம கடையில நின்னு காய்ச்சல் குளிசை வித்துக்கிட்டிருந்தேன்."

"நான் எடுக்கத்தான் போன, தங்கச்சி" என்றவர், நின்று, "அந்தாள் எடுக்கத்தான் போயீக்கி" என்று திருத்திக்கொண்டார். "ஐயா விடல்ல. கையப் புடிச்சிக்கிட்டார். வழி நீட்டுக்கும் அதயே செல்லிக்கிட்டு வந்தாராம். மகளுக்குச் செல்ல வாணாம், அவ பயந்துருவான்டு. பயந்தா ஏசுவாவாம். ஏசிட்டுக் குசினில போய் நின்டு தனிய அழுவாவாம். என்னய உட்டா அவளுக்கு ஆள் இல்லன்டு செல்லி செல்லி வந்தாராம்."

தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நான் அழுவது யாருக்கும் தெரியாது என்று பத்து வருஷமாக நினைத்திருந்தேன். அழும்போது தண்ணீர்க் குழாயைத் திறந்து விடுவேன். அப்பா என் பக்கம் திரும்பாமல், "எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார். அது உண்மைதான், பொலிஸ் பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது.

திராட்சையையும் பிஸ்கட்டையும் அந்த ஆளிடம் கொடுப்பதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கையை வெளியே தொங்கப் போட்டார். எதிரே லொறிகள் உரசுவது போல வந்துகொண்டிருந்தன. ஏசுவதற்கு வாய் எடுத்தேன். ஏன் ஏசுகிறேன் என்று அவருக்குத்தான் தெரியுமே என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது. ஏசாமல் இருந்து பார்த்தால், உள்ளே வெறும் பயம்தான் இருந்தது, அவ்வளவு பயம். இரண்டு வளைவு தாண்டும் வரைதான் என்னால் முடிந்தது.

"கைய உள்ள எடுங்கப்பா" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அப்பா கையை உள்ளே எடுத்து என் கையின் மேல் வைத்துக்கொண்டார்.