ஓடு போன நத்தைகளைப் பார்க்க ஆம்பூருக்கு

மூன்று பாட்டில்களில் இருந்த நாற்பத்தொரு கடல் நத்தைகளில் ஒன்றுக்குக்கூட ஓடு மிஞ்சவில்லை. அவற்றைச் சேகரித்த ஆம்பூர் ஆய்வு மாணவி நசீமாவுக்கு, நத்தை இனங்களை அடையாளம் காணும் நிபுணர் ஒருவர் எழுதிய கடிதம் இதை உறுதி செய்கிறது. சென்ற செவ்வாயன்று வந்தது. ஞாயிறு அன்று நானே படித்துப் பார்த்தேன்.

நசீமா இந்தப் பக்கத்தைப் படிப்பவர். "கடலே இல்லாத ஊர்ல கடல் நத்தை காட்டறேன், வாங்க சார்" என்று ஜனவரியிலேயே அழைத்திருந்தார். வேறு ஊர்களைச் சுற்றிக்கொண்டு தள்ளிப்போட்டேன். என் தவறு.

காலை 8.10-க்கு சத்துவாச்சாரியில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் 8.40-க்கு ஆம்பூர் வண்டி கிடைத்தது. ஐம்பது ரூபாய் டிக்கெட், ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். விரிஞ்சிபுரம் தாண்டியதும் இடப்பக்க ஜன்னல்காரர்கள் வெயிலுக்குத் திரையை இழுத்துவிட்டார்கள். வலப்பக்கம் உட்காருங்கள். மாதனூர் கடந்ததும் தோல் வாடை வந்துவிடும். 9.55-க்கு ஆம்பூர்.

ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார். எங்கே, எதற்கு என்றும் கேட்டார். சொன்னேன்.

"நத்தையா? ஆம்பூருக்கு வந்துட்டு பிரியாணியை வுட்டுட்டு நத்தையா? இன்னா சார் நீங்க."

நசீமாவின் வீட்டில் அம்மா இல்லை, கல்யாணத்துக்குப் போயிருந்தார். நசீமாவும், தோல் கம்பெனியில் கெமிக்கல் ஸ்டோர் பார்க்கும் அண்ணன் இம்தியாஸும்தான் இருந்தார்கள். மேசையில் மைக்ராஸ்கோப். பார்த்தேன். கடுகளவு உடல், இரண்டு கொம்பு, சுருண்ட கால். எல்லாம் அப்படியே இருக்கிறது. ஓடு மட்டும் இல்லை.

இந்த நத்தை தெற்கே ஒரு மீனவ ஊர்ப் பாறையில், கடற்பாசிக்குள் வாழ்ந்தது. பாசி மேல் படியும் மெல்லிய அழுக்கைச் சுரண்டித் தின்னும். இரண்டு மில்லிமீட்டர் ஓட்டில் மூன்று வெள்ளை வளையம். படங்களைப் பார்த்த நிபுணர், இதுவரை பெயர் வைக்கப்படாத இனமாக இருக்கலாம், ஓட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றிருந்தார். ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயம் அதை நம்பி இருந்தது.

மே மாதம் கல்லூரி ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தார்கள். நசீமா பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, விடைத்தாள் திருத்த வேலூர் போனார். பன்னிரண்டு நாள். அந்த வெயிலில் பாட்டிலில் இருந்த ஸ்பிரிட் பாதி ஆவியாகிவிட்டது. நத்தைகள் காய்ந்துவிடுமே என்று இம்தியாஸ் பதறினார். தோல் தொழிலில் இருப்பவருக்கு என்ன தோன்றுமோ அது தோன்றியது. பதனிடும் முன் தோலை உப்பும் ஆசிடும் கலந்த தண்ணீரில் ஊற வைப்பார்கள், 'பிக்கிள்' என்று பெயர். அதில் கிடக்கும் தோல் மாதக்கணக்கில் அழுகாது. கம்பெனியிலிருந்து அரை லிட்டர் கொண்டுவந்து மூன்று பாட்டிலையும் கழுத்து வரை நிரப்பினார்.

தோல் தாங்கும். சுண்ணாம்பு ஓடு ஆசிடில் கரையும்.

"எனக்குத் தெரிஞ்சது தோல்தான் சார்," என்றார் இம்தியாஸ். "போன் பண்ணா பரீட்சை வேலைல டென்ஷன் ஆவாளேன்னு நானே பண்ணிட்டேன்."

"டென்ஷன் கம்மியாயிடுச்சு, சார்," என்றார் நசீமா, என்னைப் பார்த்து. "இப்ப எழுதறதுக்கே ஒண்ணும் இல்ல. டீ ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

நான் சொன்னேன். ஒரு கை தூரத்தில் இருந்தவர் எடுத்துக் குடித்தார். கடிதம் வந்த நாளிலிருந்து நசீமா அண்ணனிடம் நேரே பேசுவதில்லை.

திரும்பப் போய்ச் சேகரிக்கலாமே என்று கேட்டேன். நசீமா ஜூனில் போயிருக்கிறார். கடல் அரிப்பைத் தடுக்க அந்தப் பாறை மேலேயே கருங்கல் கொட்டியிருந்தார்கள். பக்கத்துப் பாறைகளில் இரண்டு நாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

பிற்பகல் 1.20-க்குக் கிளம்பினேன். பிரியாணி சாப்பிடத் தோன்றவில்லை. நீங்கள் போனால் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள், ஞாயிறன்று சீக்கிரம் தீர்ந்துவிடும். கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: சிப்பியோ நத்தையோ சேகரித்தால் ஸ்பிரிட்டில் போட்டு மூடியை இறுக்குங்கள், வாரம் ஒருமுறை பாருங்கள். எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது என்று வீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். நசீமா ஒட்டவில்லை. அதை அவரே என்னிடம் சொன்னார், அண்ணன் உள்ளே போன பிறகு.

மிச்சமிருப்பது மரபணுச் சோதனை. பத்து உடல்களை அனுப்பியிருக்கிறார். ஆசிடில் கிடந்ததால் ஏதாவது கிடைக்குமா என்று ஆய்வகம் உறுதி தரவில்லை. முடிவு அடுத்த மாதம் மூன்றாவது வாரம் வரும் என்றிருக்கிறார்கள். வந்ததும் இம்தியாஸிடம் யார் சொல்வது என்று, கிளம்பும்போது வாசலில் நசீமாவிடம் கேட்டேன்.

"நல்லபடியா வந்தா நானே சொல்றேன் சார். வரலன்னா, நான் பேசாததுலயே தெரிஞ்சுக்குவாரு."