வட கரையில் மகள் சொல்லாமல் விட்டது

ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த வருடம் அது. அந்தக் கோடையின் தொடக்கத்தில்தான் என் கணவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. மொன்றியல் ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி ஆங்கிலத்தில் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். வெட்டி எடுக்க முடியாத இடம், மருந்து ஏற்றினால் கொஞ்சக் காலம் தள்ளிப்போகலாம் என்றார். மருந்து தொடங்குவதற்கு முன் எங்கேயாவது போய்வரலாமா என்று இவர் கேட்டார். போகலாம், ஆனால் பிந்த வேண்டாம் என்று பதில் வந்தது.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது இவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பிள்ளைக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்லக் கூடாது. மற்றது, கடற்கரைக்குப் போகவேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது பதினைந்து வயது. அவளிடம் மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "இந்த ஒரு கோடை அவள் என்னை நோயாளியாப் பார்க்காமல் இருக்கட்டும். பேந்து நானே சொல்லுறன்," என்றார். நான் சரி என்றேன்.

கடல் ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இவர் லாசாலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தார். பக்கத்து மெஷினில் நின்ற கியூபெக்காரர் ஒவ்வொரு கோடையும் தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு பெரிய ஆற்றின் வட கரைக்குப் போய்விடுவார். ஆறு கடலாகிற இடம் தாண்டி, வீதி முடிகிற வரைக்கும் போவாராம். திரும்பி வந்து சாப்பாட்டு நேரங்களில் திமிங்கிலக் கதை சொல்லுவார். நாங்களோ விடுமுறை என்றால் ரொறன்ரோவுக்குக் கலியாண வீடு போய் வந்தவர்கள். இவருடைய வருத்தத்தைக் கேள்விப்பட்டதும் அந்த மனிதர் தன் வானின் திறப்பைக் கொண்டுவந்து, ஓட்டிக்கொண்டு போங்கள் என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே கட்டிலும் இரண்டு அடுப்பும் ஒரு சின்னக் குளிர்ப்பெட்டியும் வைத்த பழைய வான். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் மாடிக்குக் கீழே அதை நிறுத்தி அரிசி, பருப்பு, தூள், கருவாடு என்று ஏற்றினோம். மகளுக்கு வரவே மனமில்லை. சிநேகிதிகள் எல்லாம் இங்கே இருக்க, தான் ஏன் குளிருக்குள் போய்ப் படுக்க வேண்டும் என்று பிரெஞ்சில் முணுமுணுத்தாள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பின்சீற்றில் போய்ச் சுருண்டவள், மதியம் கழிந்தும் எழும்பவில்லை.

ஆறு அகன்று அகன்று ஒரு இடத்தில் மறுகரையே தெரியாமல் போனது. இவர் வானை நிறுத்தி இறங்கிப் போய்க் குனிந்து தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு," என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். மகள் தலையைத் தூக்கவில்லை.

அந்தக் கரையில் காம்பிங் என்று பெயர்ப்பலகை போட்ட இடங்களில் பெரிதாக ஒன்றும் இருக்காது. கடலைப் பார்த்த ஒரு புல் மேடு. வானை நிறுத்தச் சரளை கொட்டிய சதுரங்கள். மின்சாரம் எடுக்க ஒரு மரக் கம்பம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பைப், பலகையால் அடித்த கழிப்பறை. பின்னேரம் ஆனால் சொந்தக்காரப் பெண் நாயோடு நடந்து வந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். ஆடி மாதத்திலும் காற்று எலும்புக்குள் போனது. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டுதான் சோறு சமைத்தேன். கைத்தொலைபேசி எடுபடாது. ஊர்ச் செய்தி வராதது இவருக்கு நிம்மதியாக இருந்தது என்று நினைக்கிறேன். காலையில் எழும்பியதும் மடக்குக் கதிரையைக் கொண்டுபோய்க் கல்லுக் கரையில் போட்டு இருந்துவிடுவார்.

இரண்டு மூன்று காம்பிங் மாறி மாறிக் கிழக்கே போனோம். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்செரிவு என்று மகளிடம் சொல்லிச் சமாளித்தார். வீதி முடிவதற்கு இன்னும் ஒரு நாள் ஓட்டம் இருந்த இடத்தில், காலையில் பைப்படிக்குப் போனவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

பக்கத்து ட்ரெயிலரில் ஓய்வு பெற்ற தம்பதி ஒன்று இருந்தது. முதல்நாள்தான் எங்களுக்குக் கும்பளா மாதிரி மீன் நாலு கொண்டுவந்து தந்திருந்தார்கள். அந்த மனிதர் ஓடிவந்து, இவரைத் தூக்கித் தன் ட்றக்கில் ஏற்றினார். நானும் மகளும் பின்னால் ஏறினோம். அடுத்த ஊரில் சின்னதாக ஒரு வைத்தியநிலையம் இருந்தது. ஒரு இளம் டொக்டர், ஒரு தாதி. இருவருக்கும் பிரெஞ்சு மட்டும்தான் வரும்.

சேலைன் ஏற்றினார்கள், வயிற்றை ஸ்கான் செய்தார்கள், நான் காட்டிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்து மொன்றியலுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பிறகு டொக்டர் என்னிடம் வந்து கதைக்கத் தொடங்கினார். நான் தடுமாறியதும் மகளைப் பார்த்து வயதைக் கேட்டார். அவள் யோசிக்காமல் பதினெட்டு என்றாள்.

அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் கதைக்க எனக்கு வராது. ஆனால் நான் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்பவள். நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளில் வைக்கிற துண்டுகளை ஒவ்வொரு நாளும் வாசிக்கிறவள். ஃபுவா என்றால் ஈரல் என்று எனக்குத் தெரியும். முவா என்றால் மாதம் என்றும் தெரியும். நோய் ஈரலுக்கும் போய்விட்டது, இனிச் சில மாதம்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. மகள் இரண்டு தரம் தலையாட்டினாள். மெர்சி என்றாள்.

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து, "என்னவாம்?" என்றார்.

"உடம்பிலை தண்ணி காணாதாம் அப்பா. காத்துக்குள்ளை கன நேரம் இருந்ததாலையாம். ரெண்டு நாள் ஆறுதலா இருக்கட்டாம்," என்றாள் அவள். சொல்லிவிட்டு அவர் காலில் கிடந்த போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

மாலைக்குள் நோவுக்கு மாத்திரை தந்து எங்களை விட்டார்கள். காம்பிங்குக்கு வந்ததும் மகள் தன் பாட்டுக் கருவியை எடுத்துப் பைக்குள் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினாள். அதற்கு முன் அவள் ஒரு தேத்தண்ணி போட்டும் நான் கண்டதில்லை.

மறுநாள் மதியம் இருவரும் பைப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். அவள் ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. டொக்டர் சொன்னது எனக்கும் விளங்கியது என்று சொன்னால் அவளுக்குப் பாரம் குறையும் என்று நினைத்து, சொல்லிவிட்டேன்.

அவள் பைப்பைப் பூட்டினாள். "அப்பாவுக்குத் தெரியுமோ?"

"ஈரல் விஷயம் தெரியாது. மற்றது தெரியும். வெளிக்கிட முதலே தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாதோ?"

நான் கையை நீட்டினேன். அவள் தள்ளிவிட்டுக் கரையால் நடக்கத் தொடங்கினாள். கல்லுகள் காலடியில் புரள, கொஞ்சத் தூரம் ஓடினாள், பிறகு நடந்தாள். வளைவில் பாறைகளுக்குப் பின்னால் மறைந்தும் விட்டாள். நான் கழுவாத கோப்பைகளோடு அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது முகம் முழுக்க உப்புக்காற்றில் சிவந்திருந்தது. என்னைத் தாண்டிப் போய், தகப்பனுடைய கதிரைக்குப் பக்கத்தில் கல்லில் இருந்தாள். தூரத்தில் தண்ணீர் பீச்சியது. இவர் கையை நீட்டிக் காட்ட, அவளும் பார்த்தாள். அன்று பின்னேரம் முழுக்க இருவரும் திமிங்கிலத்துக்குக் காவல் இருந்தார்கள்.

என்னோடு அவள் சரியாகக் கதைக்கச் சில கிழமை எடுத்தது. தகப்பனிடம் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நாள் நிற்போமா என்று அவர் கேட்டபோது, அவளே போய்ச் சொந்தக்காரப் பெண்ணோடு கதைத்து, காற்றுக் குறைந்த ஓரத்தில் எங்களுக்கு இடம் மாற்றி வாங்கினாள். நாங்கள் வீதி முடிகிற இடத்துக்குப் போகவில்லை. இவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

"பாத்தீரே, கடல் காத்து பிள்ளையை மாத்திப்போட்டுது," என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டு நெடுநாள். ஓம் என்றேன்.

திரும்பி வரும்போது நான்தான் வானை ஓட்டினேன். அதுவரை பெரிய வீதியில் ஓட்டாதவள். இவர் பின்னால் படுத்திருந்தார். மகள் முன்சீற்றில் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, வளைவு வருகுது, லொறி வருகுது என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மருந்து இரண்டு தரம்தான் ஏற்றினார்கள். அது வயிற்றுப் புண்ணுக்கு என்று இவர் மகளிடம் சொல்ல, அவளும் நம்பியவளாகத் தலையாட்டினாள். உடம்பு தாங்கவில்லை. பனி கொட்டத் தொடங்கிய நாட்களில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒருநாள், இனிப் பிள்ளைக்குச் சொல்லலாம், கூட்டிக்கொண்டு வாரும் என்றார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். 

அவர் கட்டிலில் நிமிர்ந்திருந்து, தனக்கு என்ன வருத்தம், எப்போது தெரிந்தது, ஏன் மறைத்தார் என்று முதலிலிருந்து சொன்னார். மூச்சு வாங்கியதால் கன நேரம் எடுத்தது.  மகள் எல்லாவற்றையும் அன்றுதான் முதல் தரம் கேட்கிறவளாகக் கேட்டாள். கடைசியில் அவருடைய நெஞ்சில் தலையை வைத்து அழுதாள். அந்த அழுகையில் பொய் இருக்கவில்லை. அவர் அவள் தலையைத் தடவி, "அந்தக் கோடை உமக்குச் சந்தோசமா இருந்துதுதானே?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா," என்றாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அவர் போய்விட்டார். எல்லாம் முடிந்த பிறகு லாசாலில் இருந்து வானின் சொந்தக்காரர் வந்து, எப்போது வேண்டுமானாலும் திறப்பு உங்களுக்குத்தான் என்றார். நான் வாங்கவில்லை.

மகள் படித்து, வேலை எடுத்து, பியர்ஃபொன்ட்ஸ் பக்கம் வாடகைக்கு இருக்கிறாள். ஒரு கோடையில் தான் வட கரைக்குப் போய் வீதி முடிகிற இடம் வரைக்கும் ஓடிப் பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு மரப் பாலம், சில வீடுகள், அதற்கு அங்காலே மணல் என்றாள். பிறகு என் கால் நோவைப் பற்றி விசாரித்தாள்.