கண்டக்டரின் தோளும் ஒரு முக்கோணக் கம்பியும்

1. விடாத ஜியாமெட்ரி

பள்ளியில் எனக்குச் சுத்தமாக வராத பாடம் ஜியாமெட்ரி. டீச்சர் போர்டில் ஒரு முக்கோணத்தைப் போட்டு ஏ, பி, சி என்று பெயர் வைத்தாலே நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிளஸ் டூவில் கணக்கே இல்லாத குரூப்பாகத் தேடிச் சேர்ந்தேன். பிறகு பிசியோதெரபி படித்தேன். தொல்லை விட்டது என்ற நிம்மதியில்தான் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் நாள் காலையில் எலும்பு டாக்டர் ராமநாதன் என் கையில் ஒரு மார்க்கர் பேனாவைத் திணித்தார். அவர் எனக்கு ஆறு மாதம் முன்னால் வேலைக்கு வந்தவர். அந்த ஆறு மாத சீனியாரிட்டியைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. எதிரே ஸ்டூலில் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

“எஸ்தர், இவர் தோள்ல டெல்டாய்டு எங்க இருக்குன்னு வரைம்மா.”

வரைந்தேன். மேலே அகலம், கீழே முனை, தலைகீழ் முக்கோணம். தோள்பட்டை எலும்பை வரையச் சொன்னார். அதுவும் முக்கோணம். கழுத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முதுகெலும்பு முடிகிற இடத்தில் இன்னொன்று. நான் முடிப்பதற்குள் பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, வைத்தியம் பாக்குறீங்களா, சட்டைக்கு அளவு எடுக்குறீங்களா?”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். “கிரேக்க மொழியில டெல்டான்னு ஒரு எழுத்து. அது முக்கோணம். இந்தத் தசை அந்த மாதிரி இருக்குறதால டெல்டாய்டு. நம்ம ஊரும் டெல்டாதான். மேப்ல பாரு, கல்லணையில முனை, கடற்கரையில அடி. நீ முக்கோணத்துக்குள்ளயே பொறந்து முக்கோணத்துக்குப் பயந்தா எப்படி?”

அன்றிலிருந்து சுமார் முப்பது வருடம் முக்கோணங்களைத் தடவிக் கொடுத்துத்தான் சாப்பிட்டேன்.

2. கரண்ட் ரூம்

வாசலில் பிசியோதெரபி என்று எழுதியிருந்தாலும் சுற்றுவட்டாரத்துக்கு எங்கள் டிபார்ட்மென்ட் ‘கரண்ட் ரூம்’. நான் ‘கரண்ட் வெக்கிற அம்மா’. மெஷினில் கரண்ட் வைத்தால் அது வைத்தியம். எக்சர்சைஸ் சொல்லிக் கொடுத்தால், நாங்கள் சும்மா இருந்துகொண்டு அவர்களை வேலை வாங்குகிறோம் என்று அர்த்தம். நடவு முடித்து இடுப்பு வலியோடு வந்த ஒரு அக்காவைக் குனிந்து நிமிரச் சொன்னேன். “இதைத்தானம்மா பத்து நாளா செஞ்சுட்டு இங்க வந்து நிக்கிறேன்” என்றார். கரண்ட் வைத்து அனுப்பினேன்.

செல்வராஜ் அப்படியில்லை. சொன்னதைச் செய்கிற மனிதர். நாற்பது வயதைத் தாண்டிய டவுன் பஸ் கண்டக்டர். எங்கள் லுத்தரன் சர்ச்சில் பாடகர் குழுவில் அவர் பாஸ் என்கிற கனத்த ஆண் குரலில் பாடுவார், நான் ஆல்ட்டோ என்கிற தாழ்ந்த பெண் குரலில். குறுவை அறுவடை சமயம், ஈர நெல்லை ரோட்டில் காயப்போட்டிருந்தார்கள். அதில் பைக் சறுக்கி விழுந்து அவருடைய வலது தோள் மூட்டு நழுவிவிட்டது. ராமநாதன் டாக்டர் மூட்டை உள்ளே தள்ளிக் கட்டுப் போட்டார். கட்டை அவிழ்த்த பிறகு பார்த்தால் கை எழும்பவில்லை. தோளைச் சுற்றிப் போகிற நரம்பு அடிபட்டிருந்தது. உருண்டு இருக்க வேண்டிய தோள் சப்பையாகி, எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

“டெல்டாக்காரருக்கு டெல்டாய்டு படுத்துடுச்சு” என்றார் டாக்டர். “நரம்பு தானா திரும்பும். மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் தசை வீணாப் போகாம பாத்துக்க.”

செல்வராஜ் சிரிக்கவில்லை. டாக்டர் போன பிறகு என்னிடம் சொன்னார்: “கண்டக்டருக்கு ஒரு கை மேல கம்பியில இருக்கணும் மேடம், ஒரு கை டிக்கெட்ல. எனக்குக் கம்பி பிடிக்கிற கை இதுதான். டூட்டிக்குத் தகுதியான்னு பாக்குற மெடிக்கல் போர்டு வேண்டாம்னு சொல்லிட்டா டிப்போவுல ஒரு மூலையில உக்கார வெச்சுடுவாங்க. இருபது வருஷமா ஜனங்களோடயே இருந்துட்டேன். அங்க போயி செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொன்னா நான் என்ன ஆவேன்?”

வாரம் ஒருமுறை, கை உடம்பிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு எழும்புகிறது என்று கோனியோமீட்டரால் அளப்பேன். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ப்ரொட்ராக்டருக்கு இரண்டு கை முளைத்த மாதிரி ஒரு கருவி அது. முதல் வாரம் இருபது டிகிரி. அடுத்த வாரம் முப்பத்தைந்து. பிறகு ஐம்பது, அறுபது. தை மாதம் எண்பத்தைந்தில் வந்து நின்றது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பயிற்சிக்கு வந்த மாணவிகளிடம் அந்தச் சார்ட்டைக் காட்டி, ‘சின்சியரா பண்ணினா இப்படித்தான்’ என்று அலட்டிக்கொண்டேன். போர்டுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

3. டிங் வரவேண்டிய இடத்தில்

அந்த வாரக் கடைசியில், விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகைப் பாட்டுக்கு சர்ச்சில் ஒத்திகை. எங்கள் பாடகர் குழுத் தலைவர் டேனியல் சார் பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தால் பாதியில் பிசிக்ஸுக்குப் போய்விடுவார். அன்றைக்கு ஓர் இரும்புக் கம்பி முக்கோணத்தைக் கொண்டுவந்து செல்வராஜிடம் நீட்டினார். டிரையாங்கிள் என்ற வாத்தியம்.

“கை நோவாத வாத்தியம் இது ஒண்ணுதான். ஒரு மூலை தெறந்து இருக்கு பாருங்க. அதனால இதுக்குன்னு தனி சுருதி தெரியாது. எந்த சுருதியில பாடினாலும் ஒத்துக்கும். பாஸ் பாடுறவங்களுக்குன்னே செஞ்சது.”

பாஸ் வரிசை முறைத்தது. டேனியல் சார் கண்டுகொள்ளவில்லை. “மெல்லிசு நூல்ல தொங்கவிட்டு, முகத்துக்கு நேரா உயர்த்திப் பிடிக்கணும். கம்பி எதையும் தொடக்கூடாது. தொட்டா அதிர்வு நின்னுடும், சத்தம் செத்துடும். புரியுதா?”

செல்வராஜ் வேண்டுமென்றே வலது கையில் பிடித்தார். எண்பத்தைந்து டிகிரி வந்த கையை ஊருக்குக் காட்ட வேண்டாமா? இடது கையால் தட்டினார். முதல் வரியில் ‘டிங்’ என்று அழகாக வந்தது. இரண்டாவது வரியில் ‘டக்’. மூன்றாவதிலும் ‘டக்’.

“என்னங்க, தகர டப்பா மாதிரி கேக்குது?” என்றார் டேனியல் சார்.

“இதோ சார்” என்று செல்வராஜ் மறுபடி கையை உயர்த்தினார். எதிர் வரிசையில் நின்ற நான் அப்போதுதான் முழு ஆளையும் பார்த்தேன். வலது தோள் காதைத் தொட்டது. உடம்பு முழுவதும் இடது பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவருக்கு இடம்விட்டு அவர்களும் சாய்ந்தார்கள். கை எழும்பவே இல்லை. ஆள்தான் சாய்ந்திருந்தார். கை தளர்ந்ததும் முக்கோணம் நெஞ்சில் முட்டிச் செத்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ட்ரிக் மூவ்மென்ட் என்று பெயர். படுத்துவிட்ட தசையின் வேலையை வேறு தசையை வைத்து ஒப்பேற்றுவது. முதல் வருஷ மாணவிக்குக்கூடத் தெரியும். எனக்கு ஆல்ட்டோ வரி மறந்துவிட்டது. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன்.

4. ஐம்பது டிகிரி சரிவு

மறுநாள் செல்வராஜை முதுகுள்ள நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்கினேன். பிறகு கையைத் தூக்கச் சொன்னேன். முப்பத்தைந்து டிகிரி. அதற்கு மேல் கை நடுங்கியது, எழும்பவில்லை.

தப்பு அவருடையது மட்டுமில்லை. கோனியோமீட்டரின் ஒரு கையை நெஞ்செலும்புக்கு இணையாக வைக்க வேண்டும். நான் தரைக்கு நேர் செங்குத்தாக வைத்திருக்கிறேன். ஆள் சாயச் சாய டிகிரி ஏறியிருக்கிறது. வாரா வாரம் முட்டி போட்டு உட்கார்ந்து ஸ்கேலைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை. அவரோ ஓடுகிற பஸ்ஸில் சாய்ந்து நிற்பதில் இருபது வருட சர்வீஸ் உள்ளவர். விழாமல் சாய அவருக்கா தெரியாது?

“போர்டுல கையைத் தூக்கச் சொல்லுவாங்க. நான் தூக்கிடுவேன்” என்றார் செல்வராஜ். “நீங்க அந்தச் சார்ட்டை அப்படியே விட்டா போதும் மேடம்.”

“பஸ்ல கூட்டம். டிரைவர் சடார்னு பிரேக் போடுறாரு. அப்ப எதைப் பிடிப்பீங்க?”

“சமாளிச்சுக்குவேன்.”

“எதிர் சீட்டுல கைக்குழந்தையோட ஒரு பொண்ணு இருந்தா?”

அவர் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து போனார். போகிறவரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சார்ட்டில் எண்பத்தைந்தை அடித்து முப்பத்தைந்து என்று எழுதினேன். ‘முந்தைய அளவுகள் என் தவறு’ என்று கீழே கையெழுத்தும் போட்டேன். ராமநாதன் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது, ஒரே வாரத்துல அம்பது டிகிரி கொறஞ்சிருக்கு? ஷேர் மார்க்கெட்டா?”

“நான் அளந்ததுதான் தப்பு சார்.”

அதற்கு மேல் அவர் கிண்டல் செய்யவில்லை. தகுதி இல்லை என்று எழுதாமல் இன்னும் மூன்று மாதம் அவகாசம் வேண்டும் என்று போர்டுக்கு எழுதினார். போர்டு அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த மூன்று மாதமும் செல்வராஜுக்கு டிப்போ வேலை. அவர் பயந்தது நடந்துவிட்டது. நடக்க வைத்தது நான்.

5. முகம்

பத்து நாள் அவர் வரவில்லை. சர்ச்சிலும் என் பக்கம் திரும்பவில்லை. பதினோராம் நாள் காலையில் கரண்ட் ரூம் வாசலில் வந்து நின்றார். “பெல்ட்டைப் போடுங்க மேடம்” என்றார்.

பெல்ட் மட்டும் போதாது, சாயும்போது அவருக்கே தெரிய வேண்டும் என்று பட்டது. டேனியல் சாரிடம் போய் முக்கோணத்தைக் கடன் கேட்டேன்.

“எதுக்கு எஸ்தரம்மா?”

“சாயிறவரைப் பிடிக்கிறதுக்கு.”

“நாலு கம்பியைச் சேத்துக் கட்டினா தள்ளுனதும் சாஞ்சிடும்மா. மூணைக் கட்டினா சாயாது. வீட்டுக் கூரையில பாருங்க, முக்கோணமாத்தான் கட்டியிருப்பாங்க. பொருத்தமாத்தான் கேக்குறீங்க” என்று எடுத்துக் கொடுத்தார். அறுப்பின் பண்டிகையில் அது இல்லாமலேயே பாடினோம். ஒருத்தரும் கவனிக்கவில்லை. அதுதான் டேனியல் சாருக்கு வருத்தம்.

பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, செல்வராஜின் இடது தோளுக்கு ஒரு விரற்கடை தள்ளி முக்கோணத்தை ஸ்டாண்டில் தொங்கவிட்டு, தோள் பட்டால் அடிக்கிற மாதிரி ஒரு குச்சியும் கட்டினேன். வலது கையைத் தூக்கும்போது உடம்பு இடது பக்கம் சாய்ந்தால் ‘டிங்’. முதல் வாரம் ரூம் முழுக்க டிங் டிங்தான். முட்டிக்குக் கரண்ட் வைத்துப் படுத்திருந்த பாட்டிமார்கள்கூட விடவில்லை. “கண்டக்டரே, எந்த ஸ்டாப்பு?” என்பார்கள். அவரும் கொஞ்ச நாளில் “அம்மாபேட்டை, இறங்குறவங்க முன்னாடி வாங்க” என்று பதில் சொல்லத் தொடங்கினார். மாசி போய்ப் பங்குனி வந்தது. டிங் குறைந்தது. சப்பைத் தோளில் மெல்ல ஒரு மேடு எழும்பியது. சித்திரையில் ஒரு நாள், நேராக உட்கார்ந்து, சத்தமே இல்லாமல், நெஞ்செலும்புக்கு இணையாக அளந்து, தொண்ணூற்றைந்து. போர்டு பாஸ் பண்ணியது.

டூட்டியில் சேர்வதற்கு முதல் நாள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். வெகு நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“பஸ்ஸுக்காகத்தானே என்னை ஏமாத்துனீங்க?”

அவர் ஸ்வீட் பாக்ஸை மேஜைமேல் வைத்தார். “பஸ்ஸுக்காகன்னா போர்டு அன்னைக்கு ஒரு நாள் சாஞ்சா போதாதா மேடம்? வாரா வாரம் எதுக்குச் சாயணும்?”

“அப்புறம் ஏன்?”

“முதல் வாரம் இருபதுன்னு பாத்ததும் உங்க முகம் விழுந்துடுச்சு. நீங்க மறைச்சீங்க, ஆனா தெரிஞ்சுது. அடுத்த வாரம் கொஞ்சம் சாஞ்சு தூக்கினேன். முப்பத்தஞ்சுன்னு சொல்லி அப்படிச் சிரிச்சீங்க. இந்த ரூம்ல எல்லாரும் வலியோட வர்றவங்க. சிரிக்கிறது நீங்க ஒருத்தர்தான். அதைக் கெடுக்க மனசு வரல. அப்புறம் ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிடக் கூடத் தூக்க வேண்டியதாப் போச்சு.”

வெட்கமாக இருந்தது. இரண்டு மாதமாக நான் அவருக்கு வைத்தியம் பார்ப்பதாக நினைத்திருந்தேன். அவரோ தன் தசையைப் பட்டினி போட்டு என் முகத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கோனியோமீட்டரை எங்கே வைப்பது என்பதைப் புத்தகத்தில் படித்துக்கொள்வீர்கள். அளக்கும்போது முகத்தை எங்கே வைப்பது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்கேலை நீங்கள் படிக்கிற நேரத்தில் எதிரே இருப்பவர் உங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகும் வாரம் மூன்று நாள் ஒரு கிளினிக்கில் உட்காருகிறேன். இருபது வந்தாலும் தொண்ணூறு வந்தாலும் ஒரே முகம்தான். பயிற்சிக்கு வரும் பெண்கள் என்னை ‘உம்மணாமூஞ்சி மேடம்’ என்கிறார்கள், என் காதில் விழும்படியே. சொல்லிவிட்டுப் போகட்டும். இப்போதெல்லாம் என்னிடம் வருகிறவர்கள் கையை நீட்டுவதற்கு முன்பே, “போன வாரத்தைவிட மோசமா இருக்கு மேடம்” என்று கூசாமல் சொல்கிறார்கள்.