ஒட்டகம் இறங்கிய காலை

கிரேன் ஓட்டுபவர் என்று கேட்டால் அந்தக் கட்டட வேலையிடத்தில் யோசிப்பார்கள். ஒட்டகம் என்றால் உடனே கையை மேலே காட்டுவார்கள். உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்கு இருநூற்றுப் பத்துப் படி ஏணி. காலை ஏழு மணிக்கு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். நடுவில் இறங்க வேண்டி வந்துவிடுமே என்று ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பத்தொன்பது வருஷமாக இதே கதை. அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

அந்த மனிதருக்கு ஃப்ளூ வந்தது. ஊரே தும்மிக்கொண்டிருந்த மாதம் அது. படுத்தாரா? கிரேன் நின்றால் அறுபது பேர் வேலை நிற்குமாம்! உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை, காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு வெந்நீரில் கலக்கும் பவுடர். காய்ச்சல் மாத்திரையில் இருக்கும் அதே மருந்துதான் பவுடரிலும் இருக்கிறது என்று உறையில் போட்டிருந்தது. அதைப் படிக்க அவருக்கு ஏது பொறுமை? நாலு நாள் கூண்டுக்குள் வியர்வையில் குளித்தார், தண்ணீரைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் சிறுநீர் பால் விடாத டீயின் நிறத்தில், அதுவும் சொட்டுச் சொட்டாக வந்தது. மனைவி பேச்சை வளர்க்காமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் மூன்று மடங்கு ஏறியிருந்தன. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது இரண்டைத் தாண்டியிருந்தது.

"சளி பிடிச்சது மூக்குக்கு. கிட்னி என்ன பாவம் பண்ணுச்சு டாக்டர்?" என்றார் ஒட்டகம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இந்த வைரஸ் சில நேரம் மூக்கோட நிக்காது. ஈரல், கிட்னி வரைக்கும் போய்ச் சீண்டிப் பாக்கும். நிறைய பேருக்குத் தானா சரியாயிடும். நீங்க ஒரே மருந்த ரெண்டு வழியில போட்டு ஈரலப் படுத்திட்டீங்க. தண்ணியே காட்டாத கிட்னிக்கு வலி மாத்திரை வேற."

நல்லவேளை, உடம்பு அவரைவிடப் புத்திசாலி. ஐந்து நாள் டிரிப், மூன்று வாரம் ஓய்வு; எண்கள் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டன. ஆனால் வேலைக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்டபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"மேல இருக்கும்போதும் தண்ணி குடிக்கணும். வந்தா அடக்கக் கூடாது. சம்மதமா?"

சான்றிதழுக்காகத் தலையாட்டி வைத்தார். அடிக்கடி இறங்குகிற டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? வேறு வேலையும் தெரியாது. மேஸ்திரியிடம் சொல்லாமல் சமாளிக்கலாம் என்று பார்த்தார்.

"நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?" என்றார் மனைவி.

அவரே சொன்னார். மேஸ்திரி தாடையைச் சொறிந்து, "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையோடுதான் இரண்டு லிட்டர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார்.

பத்தரை மணிக்கு வந்துவிட்டது. பழைய புத்தி, பல்லைக் கடித்தார். மனைவி முகம் நினைவுக்கு வந்தது. கொக்கியைக் காலியாகத் தூக்கி நிறுத்தி, ஹாரன் அடித்துவிட்டு இறங்கத் தொடங்கினார். கீழே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு திட்டுவார்கள் என்று ஒவ்வொரு படியிலும் பயந்தார்.

கீழே யாரும் திட்டக் காத்து நிற்கவே இல்லை. கம்பி கட்டுகிறவர்கள் பலகை மேல் கால் நீட்டியிருந்தார்கள். தண்ணீர்க் குடத்தைச் சுற்றிக் கூட்டம். பெண்கள் கழிப்பறைக்கு முன்னால் நீள வரிசை.

"என்னம்மா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல?" என்றார், தண்ணீருக்கு நின்ற, கலவை சுமக்கும் பெண்ணிடம்.

"உங்க கிரேன் ஓடுற வரைக்கும் நாங்க எங்கண்ணே நகர்றது? சரக்கு வந்து இறங்கிட்டே இருக்குமே. பத்தொன்பது வருஷமா உங்கள மட்டும் ஒட்டகம்னாங்க. எங்க கிட்னியெல்லாம் என்ன கல்லா?"

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் தன் பெருமைக்குத் தான் மட்டுமே விலை கொடுப்பதாக அல்லவா நினைத்திருந்தார்! கழிப்பறைக்குப் போய் வந்து, அவளுக்குப் பின்னால் தண்ணீருக்கு நின்றார்.

திரும்பி ஏறும்முன் மேஸ்திரியிடம் போனார். "தினம் பத்தரைக்கு ஹாரன் அடிப்பேன். எனக்கு வந்தாலும் சரி, வராட்டியும் சரி."