நைலான் புடவையும் நீலக் கோட்டும்

இட ஒதுக்கீடு கேட்டு இன்றும் மறியல். தியாகதுருகத்துக்கு வெளியே எங்கள் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. இறங்கி டீக்கடைக்குப் போனோம்.

என் பக்கத்து சீட்டில் வந்த அக்கா வடை எடுக்கக் குனிந்தார். நைலான் முந்தானை அடுப்பில் பட்டு மளமளவென்று தீ ஏறியது. நான் தண்ணீர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை ஆலையில் கொதிகலன் வேலை பார்க்கும் ஒருவர், ஷிப்ட் முடிந்து அதே பஸ்ஸில் வந்திருந்தார். போட்டிருந்த நீலக் கோட்டைக் கழற்றி அக்காவைச் சுற்றி இறுக்கிப் பிடித்தார். தீ அணைந்துவிட்டது. அக்காவின் முழங்கையில் மட்டும் ஒரு கொப்புளம். கடைக்காரர் அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கோட்டில் ஒரு கருப்புத் தடம்தான். "இன்னாங்க இது, எரியவே இல்ல?" என்றேன்.

"மருந்து ஏத்துன காட்டன் துணிங்க. நெருப்பு பட்டா மேல கருகும், பரவாது. நெருப்ப எடுத்தா தானா அணைஞ்சிடும். நைலான், பாலியஸ்டர்லாம் உருகி தோல்ல ஒட்டிக்கும்."

அழுதுகொண்டிருந்த அக்கா, "குடுங்கண்ணே, வூட்டுக்கு எடுத்துக்கினு போயி தொவச்சித் தரேன்" என்றார்.

"வாணாம்மா. துணி மெத்துனு வாசனையா இருக்கணும்னு அலசுற தண்ணில எதனா ஊத்திடுவ. அது பசையாட்டம் துணில ஒட்டிக்கிச்சின்னா இதுவும் தீப்புடிக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தேன். நூறு சதவீதம் பாலியஸ்டராம். தீபாவளிக்கு ஆசையாக எடுத்தது, வெடி வெடிக்கும்போதும் அதைத்தான் போட்டிருந்தேன்.

உங்கள் காலரில் என்ன எழுதியிருக்கிறது?